வெயில் காலத்து மலையேற்றமும் ஒரு கறுப்பு டி-ஷர்ட்டும்

வேலூர் மலைப்பூனை

போன மே மாசம் பர்வதமலை ஏறினோம். நாலு பொம்பளைங்க, ரெண்டு ஆம்பளைங்க. காலையில அஞ்சு மணிக்கு அடிவாரத்துல இருந்தா வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிடலாம்னு கணக்கு. நடக்க ஆரம்பிச்சது ஏழரைக்கு. ஏன்னு கேட்காதீங்க. ஒருத்தருக்கு டீ வேணும், ஒருத்தருக்கு பாத்ரூம் வேணும்.

நான் போட்டிருந்தது புதுசா வாங்கின கறுப்பு காட்டன் டி-ஷர்ட். உடம்போட ஒட்டி நிக்கும். கை தோளைத் தாண்டி நாலு விரல்தான். கறுப்புன்னா அழுக்கு தெரியாது, வேர்வை தெரியாது, உள்ள போட்டது தெரியாது. மூணும் நியாயமான காரணம்தானே? கடைக் கண்ணாடியில பாக்கவும் ரொம்ப நல்லா இருந்துச்சு.

படிக்கட்டு முடிஞ்சு கல்லுப்பாதை தொடங்கறதுக்குள்ள முதுகு முழுக்க தொப்பல். பையும் டி-ஷர்ட்டும் முதுகும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. அதுகூடப் பரவாயில்லை, வேர்வைதானேன்னு விட்டுட்டேன். மேல கடப்பாறை நட்டு சங்கிலி போட்டிருக்கிற பாறைக்கு வந்தப்பதான் நிஜமான சிக்கல். சங்கிலியைப் பிடிக்க ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும் டி-ஷர்ட் தொப்புளுக்கு மேல ஏறுது. பையோட இடுப்பு பெல்ட் அதை அங்கயே பிடிச்சு வச்சுக்குது, திரும்ப இறங்க மாட்டேங்குது. எனக்குக் கீழ பத்துப் பதினைஞ்சு பேர் வரிசையா ஏறி வர்றாங்க. கடைசியில ஒரு கை சங்கிலியில, ஒரு கை டி-ஷர்ட்டை இழுத்து விடறதுல. பின்னாடி வந்த என் நாத்தனார் போட்டாங்க ஒரு சத்தம்: "மானம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ரெண்டு கையாலயும் பிடி!"

4,560 அடி உச்சியில காத்து அடிச்சப்போ அந்த ஈரத்துணி ஐஸ் வச்ச மாதிரி ஆயிடுச்சு. மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம், எனக்கு நடுக்கம். அன்னைக்கு ராத்திரி குளிக்கும்போது அக்குள்ல சோப்பு பட்டதும் கத்தினேன் பாருங்க, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினாங்க. தோல் சிவந்து வழண்டு போயிருந்துச்சு. ரெண்டு நாள் தேங்காய் எண்ணெயும், தூக்கி வச்ச கையுமா இருந்தேன்.

கடையில நாம கையைத் தொங்கப் போட்டு நேரா நின்னுதானே கண்ணாடி பாக்கறோம்? மலையில அப்படி யார் நிக்கறா? உங்களுக்கு என்ன நடந்துச்சு, இப்ப என்ன போட்டுட்டுப் போறீங்க, சொல்லுங்க.

பனியன் கம்பெனிக்காரி, திருப்பூர்

அக்கா, நான் 14 வருசமா செக்கிங்ல இருக்கறனுங்க. நீங்க சொல்ற பீஸ் கண்ணை மூடிட்டாலும் எனக்குத் தெரியும். காட்டன் 95 சதவீதம், லைக்ராங்கற இழுபடற நூல் 5, சிங்கிள் ஜெர்சிங்கற மெல்லிசுப் பின்னல் துணி. அது மலைக்குத் தெச்சது இல்லீங்க. லைக்ரா இருக்கறதால உடம்போட ஒட்டும், ஒட்டுனா துணிக்கும் தோலுக்கும் நடுவுல காத்து போக வழியில்லை.

எடையைப் பாருங்க முதல்ல. எங்ககிட்ட துணியை வட்டமா வெட்டற கட்டர் ஒண்ணு இருக்குதுங்க. அது வெட்டற வட்டம் சரியா 100 சதுர சென்டிமீட்டர். அந்த வட்டத்தைச் சின்னத் தராசுல வெச்சு 1.6 கிராம் வந்தா, நூறால பெருக்கி 160. அதுதான் ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. சாதாரண காட்டன் டி-ஷர்ட் 160, 180னு இருக்கும். வெயில்ல ஏறறதுக்கு 130லிருந்து 150 போதுமுங்க. ரொம்ப மெல்லிசுக்கும் போக வேண்டாம், பை உரசி உரசி தோள்ல நூல் கிளம்பிரும். கடையில தராசு இருக்காது, ஒத்துக்கறேன். துணிக்குள்ள கையை விட்டு லைட்டுக்கு நேரா பிடிங்க. விரல் நிழலாத் தெரிஞ்சா சரி, நெகச் சாயம் என்ன கலர்னு தெரிஞ்சா வெச்சிருங்க.

அடுத்து உள்பக்கம் திருப்புங்க. பொம்பளைங்க யாருமே திருப்பிப் பாக்கறதில்லை, எனக்கு அதுதான் ஆத்தாமை. அக்குள் தையல்ல ஓவர்லாக் போட்டிருந்தா வரப்பு மாதிரி மேடு நிக்கும். உங்களுக்கு வழண்டது அந்த மேட்டாலயாத்தான் இருக்கும். பிளாட்லாக் தையல்னா விரலை ஓட்டுனா தட்டவே தட்டாது. தோள் தையல் நேரா உச்சியில இருந்தா பை வாரு அதும்மேலயே உக்காரும். அதுக்குக் கீழ பிரா பட்டி. ஒரே இடத்துல மூணு கோடு! ராக்லன் கைன்னு கேளுங்க. தோள்ல தையலே வராது, கழுத்துல இருந்து அக்குளுக்குச் சாய்வாப் போகும். நல்ல பீஸ்ல அக்குள்ல டைமண்டு மாதிரி ஒரு துண்டு வெச்சுத் தெச்சிருப்பாங்க, கஸெட்னு பேரு. அது இருந்தா கையைத் தூக்குனாலும் சட்டை மேல வராதுங்க.

பஞ்சு சும்மா காத்துல இருந்தாலே அதோட எடையில 7, 8 சதவீதம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வெச்சுக்காது. அதனாலதான் சீக்கிரம் காயுது. ஆனா பாலியஸ்டர் எல்லாமே வேர்வையை இழுக்கும்னு நம்பிராதீங்க. சிலதுல அந்தக் குணம் நூலோட வடிவத்துலயே இருக்கும். சிலதுல கடைசியா முக்கி எடுக்கற கெமிக்கல்ல மட்டும் இருக்கும், துவைக்கத் துவைக்கப் போயிரும். ஒரு சொட்டுத் தண்ணியை உள்பக்கம் விட்டுப் பாருங்க. முத்தாட்டம் நின்னா வேண்டாம், சட்டுன்னு பரவுனா வாங்கலாம். வாங்கி வந்து துணி கமகமக்கற திரவத்துல ஊறப் போட்டுராதீங்க. அது நூல் மேல படிஞ்சு இழுக்கற குணத்தையே கெடுத்துரும்.

காதர்பேட்டைப் பக்கம் வந்தீங்கன்னா எக்ஸ்போர்ட்ல மிச்சமான ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் கெடைக்கும். லேபிளை வெட்டியிருப்பாங்க. தையலைப் பாத்து எடுங்க, லேபிள் எதுக்கு?

ரிட்டயர்டு டீச்சர், சேலம்

என் மகனுடைய பழைய ஃபுட்பால் ஜெர்சிதான் என் மலையேற்ற உடை. முதுகில் 10 என்று பெரிதாக எழுதியிருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி. இறங்குவது சுலபம், குளிப்பது சுகம், ஏறுவதுதான் தண்டனை. போன தடவை நானும் என் தங்கையும் அருவியில் உடையோடு நனைந்துவிட்டு ஏறினோம். அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் மேலே வந்து சேரும்போது என் ஜெர்சி காய்ந்துவிட்டது. தங்கை காட்டன் குர்தி போட்டிருந்தாள். அதைப் பிழிந்தால் இன்னொரு அருவி.

எனக்கு 56 வயது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று கழுத்திலிருந்து மேலே தீப்பிடித்த மாதிரி ஒரு சூடு வரும் பாருங்கள், அது வந்தவர்களுக்குத்தான் தெரியும். அப்போது கழுத்தை நெருக்கும் காலர் ஆகவே ஆகாது. ஒரு சின்ன ஜிப் வைத்த கழுத்து கிடைத்தால் வாங்குங்கள். தேவைப்படும்போது திறக்கலாம், கோயிலுக்குள் மூடிக்கொள்ளலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்சி நாறும். எத்தனை துவைத்தாலும், அடுத்த முறை வேர்த்தவுடன் பழைய வாடை எழுந்து வரும். வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்துப் பிறகு துவைக்கிறேன். ஓரளவு பரவாயில்லை.

தேனிக்காரி

எல்லாரும் பாலியஸ்டர் பாலியஸ்டர்ங்கிறீக. நான் மாத்திச் சொல்றேன்.

2018 மார்ச் 11 குரங்கணித் தீயை எங்க ஊர்க்காரங்க மறக்க முடியாது. மலையேறப் போன 20 பேருக்கு மேல அதுல போயிட்டாங்க, அதுல பொண்ணுங்க நிறைய. உடுத்துன துணியால ஆன சாவுன்னு நான் சொல்ல வரல. ஆனா அதுக்கப்புறம் எங்க வீட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. பாலியஸ்டரும் நைலானும் சூடு பட்டா உருகித் தோல்ல ஒட்டும், காட்டன் எரியும், ஆனா உருகாது. தீக்காலத்துல வனத்துறையே பாதையை மூடிருது, அப்ப போகவே கூடாது. மத்த நாள்லயும் டென்ட் போட்டு அடுப்பு மூட்டுறவுக, அடுப்புக்கிட்ட உக்காரும்போது இதை ஞாபகம் வச்சுக்கங்க.

இன்னொண்ணு. காத்துல ஈரமே இல்லாத காய்ஞ்ச வெயில்னா காட்டன் கெட்டது இல்ல. ஈரம் மெல்ல ஆவியாகுற வரைக்கும் உடம்பு குளுகுளுன்னு இருக்கும். நான் போடுறது எங்க அண்ணனோட தொளதொள அரைக்கை காட்டன் சட்டை. டி-ஷர்ட்டே இல்ல. காத்து உள்ள போயி வெளிய வரும். குளிரப் போற உச்சின்னா ஒரு மாத்துத் துணி பையில இருக்கும். அம்புட்டுதான்.

பனியன் கம்பெனிக்காரி, திருப்பூர்

நீங்க சொல்றது சரிதானுங்க தேனி அக்கா. நான் துணியை மட்டும் யோசிச்சேன், அடுப்பை யோசிக்கல.

வாணியம்பாடி

எங்க வீட்டுல முழுக்கைதான், தலையில ஸ்கார்ஃபும் உண்டு. ஏலகிரியில சுவாமிமலை ஏறும்போது கூட வந்த காலேஜ் பொண்ணுங்க "உனக்கு வேகலையா?"ன்னு வழியெல்லாம் கேட்டாங்க. அவங்க எல்லாம் கையில்லாத டாப். மறுநாள் அவங்க தோள்ல பை வாரு இருந்த இடம் மட்டும் ஒரு நிறம், மத்த இடமெல்லாம் இன்னொரு நிறம். ஒருத்திக்குத் தோல் உரிஞ்சே போச்சு. என் கை போன மாதிரியே திரும்பி வந்துச்சு.

முழுக்கையில ஒட்டாத துணியா எடுங்க, வெளிர் நிறம். லேபிள்ல யுபிஎஃப் 50ன்னு போட்டிருந்தா புற ஊதாக் கதிர்ல ஐம்பதுல ஒரு பங்குதான் உள்ள வரும்னு அர்த்தம். மெல்லிசு வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட்டுக்கு அது பத்தைக்கூடத் தொடாது, வேர்வையில நனைஞ்சா இன்னும் குறையும். ஸ்கார்ஃபுக்கு நான் மெல்லிசு மல்மல் துணி கட்டறேன். வழியில நனைச்சுப் பிழிஞ்சு கட்டிக்கிட்டா ஏசி.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை

டி-ஷர்ட்டை நாங்கள் ரீசேட் எண்டுதான் எழுதுறது, குறை நினையாதேங்கோ.

போன வருசம் மாசியில இலங்கையில இருக்கிற சிவனொளிபாத மலைக்குப் போனனாங்கள். இரவு ஒரு மணிக்கு நல்லதண்ணிப் பக்கத்தாலை ஏறத் தொடங்கினால்தான் சூரிய உதயம் பாக்கலாம். ஏறேக்கை வேர்த்து ஊத்துது. 2,243 மீற்றர் உச்சியில போய்க் குந்தி இருந்து விடியக் காத்திருக்கேக்கை பல்லுக் கிட்டுது. என்ரை அன்ரி நல்ல புத்தி சொன்னவ: உச்சிக்கு ஒரு இருபது நிமிசம் இருக்கேக்கை நிண்டு, ஈர ரீசேட்டைக் கழட்டி காஞ்சதைப் போடு. எங்கை நிண்டு மாத்துறது? ஆக்கள் நிறைஞ்ச படி! அன்ரி ஒரு பெரிய சோட்டியை, வீட்டிலை போடுற தொளதொள நீளச் சட்டையை, தலைக்கு மேலாலை போட்டுவிட்டு, அதுக்குள்ளை கையை விட்டு மாத்தச் சொன்னவ. ரெண்டு நிமிசத்திலை அலுவல் முடிஞ்சுது. அந்தச் சோட்டி இப்ப எப்பவும் என்ரை பையுக்குள்ளை இருக்கு.

கோவை, புதுசு

உள்ள போடறதைப் பத்தி யாருமே சொல்லலையே? மேல எவ்வளவு நல்ல டி-ஷர்ட் போட்டாலும் உள்ள பஞ்சு வச்ச காட்டன் பிரான்னா அது ஈரத்தை நாள் பூரா பிடிச்சு வச்சிருக்கு. எனக்கு மார்புக்குக் கீழ வேர்க்குரு வந்ததே அதனாலதான். ஸ்போர்ட்ஸ் பிரா மாத்தினப்புறம் வரலை. மெரினோ கம்பளி டி-ஷர்ட் நாறாது, வெயிலுக்கும் நல்லதுன்னு அண்ணி சொல்றாங்க. விலையைப் பாத்துட்டு நான் அந்தப் பக்கமே போகலை.

வேலூர் மலைப்பூனை

எல்லாருக்கும் நன்றி. சேலம் டீச்சரம்மா, அந்த 10-ம் நம்பர் ஜெர்சிய எனக்கு நேர்ல பாக்கணும்.

நேத்து கடைக்குப் போனேன், இந்தத் தடவை பையோட. உள்ள ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலும் வச்சு. டிரையல் ரூம்ல டி-ஷர்ட்டப் போட்டு, பையை மாட்டி, பெல்ட்டை இறுக்கி, சங்கிலி பிடிக்கற மாதிரி ரெண்டு கையையும் மேல தூக்கி, குனிஞ்சு, ஒரு காலைத் தூக்கி ஸ்டூல்ல வச்சுப் பாத்தேன். பொம்பளைங்க செக்‌ஷன்ல ஏழு எடுத்தேன், ஆறு தொப்புளைக் காட்டுச்சு. ஏழாவது நீளமா இருந்துச்சு, அக்குள் தையல் வரப்பு மாதிரி. திருப்பூர் தங்கச்சி, உன்னை நினைச்சுட்டே அதைத் திருப்பி வச்சேன்.

அப்புறம் ஆம்பளைங்க செக்‌ஷன். ஸ்மால் சைஸ், சாம்பல் நிறம், ராக்லன் கை, பாலியஸ்டர். நீளம் சரி, கை முழங்கை வரைக்கும் வருது. ஆனா இடுப்புக்குக் கீழ பிடிக்குது, நமக்கு அங்கதானே அகலம். எங்க தெரு டெய்லர் அக்காகிட்ட குடுத்து ரெண்டு பக்கமும் நாலு விரல் அளவுக்குப் பிரிச்சு, சுடிதார் டாப் மாதிரி ஓப்பன் வச்சுத் தரச் சொன்னேன். முப்பது ரூபா. "இவ்ளோ விலை குடுத்து வாங்கினதைக் கிழிக்கச் சொல்றியே"ன்னு அவங்களுக்குத்தான் மனசு கேட்கலை.

டிரையல் ரூம் வாசல்ல நின்ன பொண்ணு மட்டும் ரொம்ப நேரம் அடக்கிப் பாத்துட்டுக் கடைசியில கேட்டுச்சு: "அக்கா, உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சே?" ஸ்டூல்தான்.

அடுத்த மாசம் ஆகாய கங்கை. நனைஞ்சுட்டு ஏறிப் பாத்துட்டு வந்து எழுதறேன்.