ஃப்ளஷ் டேங்க்கில் தண்ணீர் நிற்கவே மாட்டேன் என்கிறது, அடுத்து எதை மாற்றுவது?

தூக்கம்போச்சு:
இரண்டு பட்டன் வைத்த டேங்க். கோப்பையின் பின்பக்கம் நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது, ராத்திரியில் 'ஸ்ஸ்ஸ்' சத்தம் வேறு. மிதவைதான் போய்விட்டது என்று நினைத்துப் போன வாரம் அதை, டேங்க்குக்குத் தண்ணீர் விடும் வால்வோடு புதிதாக மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. புது வால்வும் மட்டமானதா, இன்னொன்று வாங்கிப் பார்க்கவா?

பழைய_குழாய்:
வாங்காதீர்கள், பொறுங்கள். டேங்க்கில் இருந்து கோப்பைக்குத் தண்ணீர் தானாகப் போக இரண்டே வழிதான். மூடியைத் திறந்தால் நடுவில் வாய் திறந்த ஒரு குழாய் நிற்கும், தண்ணீர் அதற்கு மேல் ஏறி உள்ளே வழிந்தால் மிதவைப் பக்கம் கோளாறு, மிதவையை இறக்கி, மட்டம் அந்த வாய்க்கு ஓர் அங்குலமாவது கீழே நிற்கும்படி வைக்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தும் கோப்பையில் வழிகிறதென்றால் அடியில் உள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை. டேங்க் நிறைந்ததும் ஆங்கிள் வால்வை (டேங்க்குக்குத் தண்ணீர் வரும் குழாயில், சுவரோரம் இருக்கும் திருகு) மூடிவிட்டு உள்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கி, குழாய் வாய்க்கும் கீழே போய்க்கொண்டே இருந்தால் வாஷர்தான்.

மழைத்துளி:
நான் கோடெல்லாம் போடவில்லை, டேங்க்கில் கேசரி கலர் கரைத்துவிட்டு ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்தேன், கோப்பையில் கலர் வந்துவிட்டது. இன்னொன்றும் பாருங்கள், மூடியைத் திறந்து வைத்தால் ஒழுகல் நிற்கிறதா? அப்படியென்றால் பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பி நீளமாகி, நடுவில் உள்ள ஃப்ளஷ் வால்வை எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அதைத் திருகிக் குறைத்தால் போதும். என் வீட்டில் இதற்காக மூன்று மாதம் மூடி இல்லாத டேங்க்கோடு குடித்தனம் நடத்தினோம் :)

தூக்கம்போச்சு:
மூடியைத் திறந்தாலும் ஒழுகுகிறது. கோட்டில் இருந்து மூன்று விரற்கடை இறங்கிவிட்டது, குழாய் வாய் நன்றாகவே மேலே நிற்கிறது. வாஷரை எப்படி எடுப்பது?

பழைய_குழாய்:
ஆங்கிள் வால்வு மூடியே இருக்கட்டும். ஒருமுறை ஃப்ளஷ் செய்து காலி செய்துவிட்டு, நடுவில் நிற்கும் ஃப்ளஷ் வால்வை இடதுபக்கம் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலான மாடல்களில் கையோடு வந்துவிடும். மக்கர் செய்தால் முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் கொக்கி உடைந்துவிடும். அடியில் வளையமாக இருப்பதுதான் வாஷர். அது உட்காரும் இடத்தில் உப்புப் படிந்திருந்தால் வினிகர் நனைத்த துணியால் துடையுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம். டேங்க்குக்குள் குளோரின் மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், ரப்பரை அது கெடுத்துவிடும்.

தூக்கம்போச்சு:
வாஷரின் ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகவே ஆகிவிட்டது, விளிம்பில் வெள்ளையாக உப்பு. துடைத்து, வாஷரைத் திருப்பிப் போட்டேன். சத்தம் இல்லை, தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது.

மழைத்துளி:
திருப்பிப் போட்டது ரொம்ப நாள் தாங்காது. புதிது வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள், அளவு கொஞ்சம் மாறினாலும் மறுபடி ஒழுகும்.

தூக்கம்போச்சு:
சரி. போன வாரம் கழற்றிப் போட்ட அந்த வால்வு பாவம், அதைக் கழுவி எடுத்து வைத்துவிட்டேன்.