ஆடிக்காற்றும் சமதள ஸ்டேஜும்: டெல்டாக்காரர்களின் அனுபவப் பகிர்வு

மன்னார்குடியிலிருந்து

டிவியில் சைக்கிள் பந்தயம் பார்க்கும்போது, மலை ஸ்டேஜ் (பல நாள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம்) என்றால் முதல் கிலோமீட்டரிலிருந்தே உட்கார்ந்துவிடுகிறோம். அட்டவணையில் சமதளம் என்று இருந்தால், கடைசி ஸ்ப்ரின்டுக்கு வந்தால் போதும் என்று எழுந்து போய்விடுகிறோம். காற்று அடிக்கிற நாளில் இது பெரிய இழப்பு. 2013 டூர் டி பிரான்ஸின் 13-வது ஸ்டேஜ் 173 கி.மீ.; சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஏற்றம் கிடையாது. மொத்தப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த வால்வெர்டேயின் சக்கரம் வழியில் பழுதானது. முன்னால் இருந்தவர்கள் குறுக்குக் காற்றில் வேகத்தைக் கூட்ட, அவர் ஏறத்தாழ 10 நிமிடம் இழந்தார். அதோடும் முடியவில்லை. இன்னும் சுமார் 30 கி.மீ. இருக்கும்போது இன்னொரு போட்டியாளரான கொன்டடோரின் டீம் பெலோட்டானை (முக்கியக் கூட்டத்தை) பிளக்க, 14 பேர் கொண்ட கூட்டம் முன்னால் கழன்றுகொண்டது. மொத்தப் பட்டியலில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஃப்ரூமுக்கே 1 நிமிடம் 9 விநாடி போயிற்று. ஸ்டேஜை ஜெயித்தவர் கேவென்டிஷ்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் சமதளத்தை விட்டு எழவே மனம் வராது. எதிர்காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்கும். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒருவர் பின் ஒருவராக ஒளிந்துகொள்ளலாம். காற்று பக்கத்திலிருந்து வந்தால் மறைவும் சாய்ந்துவிடும். இடப்பக்கக் காற்று என்று வையுங்கள். முதல் ஆள் சாலையின் இடது ஓரம். அடுத்தவர் சற்று வலமாகத் தள்ளி, தன் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் வரும்படி ஓட்டுவார். இப்படியே வலது ஓரம் வரை சாய்வாக நிற்பதுதான் எஷலான். சாலையின் அகலத்தைப் பொறுத்து பத்துப் பதினைந்து பேரோடு அது நிரம்பிவிடும். அதற்கு அடுத்த ஆளுக்கு இடமில்லை. வலது ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு தொங்க வேண்டியதுதான். அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் அதே கோட்டில் ஒற்றை வரிசை. நடுவில் ஒருவருக்குக் கால் தளர்ந்து ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தால், பின்னால் இருக்கிற அத்தனை பேரும் அவரோடு போனார்கள்.

தாக்குகிற டீம் சாலை முழுவதையும் பயன்படுத்தாது என்பதையும் கவனியுங்கள். முதல் ஆள் வேண்டுமென்றே நடுச்சாலையில் போவார். மறைவு ஏழெட்டுப் பேருக்குத்தான். அது அவர்கள் டீமுக்கே சரியாகிவிடும். வெளியே மாட்டியவர்கள் தொங்குவதை விட்டுவிட்டு உடனே இரண்டாவது எஷலான் கட்டுவதே சரி. ஆனால் பெரிய பெயர்கள் முதல் வரிசையை விட மனமில்லாமல் கடைசிவரை தொங்கிப் பார்த்து, காலைத் தீர்த்துவிட்டுத்தான் பின்னுக்கு வருவார்கள்.

கும்பகோணத்திலிருந்து

மன்னார்குடி அண்ணன் சொன்னதை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். அன்றைய ஸ்டேஜ் வரைபடத்தை எடுத்து, 20 கி.மீ. துண்டுகளாக, சாலை எந்தத் திசையில் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டி (Windy) இணையதளம் மாதிரி ஒரு காற்று வரைபடத்தில், பந்தயம் அந்த இடத்தைத் தாண்டும் நேரத்துக்குக் காற்றின் திசையையும் வேகத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நம்மூர்க் கணக்குதான் இது. ஆடியில் தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகிற சாலையில் நேர் எதிர்காற்று. ஆள் களைப்பான், கூட்டம் உடையாது. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே வேதாரண்யம் போகிற சாலையில் அதே காற்று விலாவில் அடிக்கும்.

காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தைத் தொட்டால் கவனிக்கணும். அதற்கு மேல் விட்டுவிட்டு வீசுகிற காற்றானால் இன்னும் ஆபத்து. ஆனால் வேகம் மட்டும் போதாது. சாலையோரம் மரம், வீடு, சோளக்கொல்லை இருந்தால் காற்று தடுபட்டுவிடும். ஊரைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் சாலை திரும்புகிற இடம்தான் பொறி. குறுவை நட்ட வயல் நடுவே போகிற சாலையை நினைத்தால் எந்த மாதிரி வெளி என்று விளங்கும். 2019 டூர் டி பிரான்ஸில் ஆல்பி ஊருக்குப் போன 10-வது ஸ்டேஜில் சுமார் 35 கி.மீ. மிச்சம் இருக்கும்போது இப்படித்தான் உடைந்தது. மொத்தப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த பினோவும், கூடவே ரிச்சி போர்ட், ஃபுக்ல்சாங், உரானும் 1 நிமிடம் 40 விநாடி இழந்தார்கள்.

டிவியில் பார்க்கவேண்டிய அடையாளம் ஹெலிகாப்டர் காட்சி. பெலோட்டானின் முகப்பு அகன்று உப்பியிருந்தால் சும்மா போகிறார்கள். ஒரு ஓரத்தில் நூலாக நீண்டுவிட்டால் காற்று பிடித்துவிட்டது. அதற்கும் முன்னாலேயே, அவசரமே இல்லாத இடத்தில் இரண்டு மூன்று டீம்கள் எட்டுப் பேரும் சேர்ந்து முன்னுக்கு வந்தால், அடுத்த திருப்பத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உடனே மஞ்சள் ஜெர்சி முதல் இருபது பேருக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அந்த நேரத்துப் பஞ்சர் கொடுமையானது. இடைவெளி சின்னதாக இருக்கும்வரை டீம் கார்களை நடுவில் நுழைய விடமாட்டார்கள். பஞ்சரானவரின் டீம் கார் மூன்றாவது கூட்டத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கும். எல்லா டீமுக்கும் பொதுவான சேவை வண்டியின் சக்கரமோ டீம்மேட்டின் சக்கரமோதான் கதி.

திருவாரூரிலிருந்து

இப்படிக் கூட்டம் உடைந்தால் யாருக்கு எவ்வளவு நேரம் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கூட்டமாகக் கோட்டைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் முதல் ஆளின் நேரம்தான். ஸ்ப்ரின்ட் ஸ்டேஜில் கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தாலோ பஞ்சரானாலோ, அவர் இருந்த கூட்டத்தின் நேரம் கிடைக்கும். சில ஸ்டேஜ்களில் அந்த எல்லையை 5 கி.மீ. ஆக்குகிறார்கள். காற்றில் கழன்றுபோவது விபத்து இல்லை. அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது. முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடி போனஸும் உண்டு.

டிவியில் பார்க்க நேரக் கணக்கும் வேண்டும். டூர் நடக்கிற ஜூலையில் பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 5.30 என்றால் இங்கே இரவு 9. மார்ச்சில் இத்தாலியில் நடக்கிற மிலான்–சான் ரெமோ பந்தயத்துக்கு நாலரை மணி நேரம். மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை முன்தள்ளுகிறார்கள். பெல்ஜியத்தின் கென்ட்–வேவெல்கெம் பந்தயம் பல வருஷம் அதே ஞாயிறு வருவதால் பழைய கணக்கில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும். தவறவிடக்கூடாத பந்தயம் அது. 2015-ல் கெரைன்ட் தாமஸைக் காற்று சாலையை விட்டே தூக்கி எறிந்தது. எழுந்து வந்து மூன்றாவதாக முடித்தார். ஜெயித்தவர் பாவோலினி.

வேதாரண்யத்திலிருந்து

எஷலானைச் செய்து பார்க்க ஆசைப்படும் தம்பிகளுக்கு. ஆடியில் நாகப்பட்டினம்–வேதாரண்யம் சாலையில் தெற்கே போகும்போது மட்டும் செய்யுங்கள். மேற்குக் காற்று அப்போது வலப்பக்கம். மறைவு இடது ஓரமாக விழும், நாம் ஓட்டவேண்டிய பக்கமும் அதுதான். மூன்று பேர் போதும். முதல் ஆள் வெள்ளைக்கோட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே, கடைசி ஆள் கோட்டின் மேல். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் பஸ்ஸுக்கு வழியிருக்காது. இழுத்து முடித்தவர் காற்று வருகிற பக்கம், அதாவது வலமாக விலகித்தான் பின்னுக்கு வரணும். விலகும் முன் பின்னால் வண்டி வருகிறதா பாருங்கள். இடமாக விலகினால் அடுத்தவரின் முன்சக்கரத்தில் உரசி அவர்தான் விழுவார். உரசினால் முன்சக்கரம் வைத்திருப்பவருக்குத்தான் எப்போதும் அடி.

அகஸ்தியன்பள்ளி உப்பளப் பக்கம் தடுப்பே இல்லாததால் காற்று சீராகக் கிடைக்கும். லாரி தாண்டும்போது ஒரு கணம் காற்று நின்று, தாண்டியதும் அறையும்; அந்த நேரம் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்திருங்கள். முன்சக்கர ரிம் ஆழமாக இருந்தால் இன்னும் இழுக்கும். கடற்காற்று ஏறுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். வடக்கே திரும்பும்போது மறைவு வலப்பக்கம், வண்டிகள் போகிற நடுச்சாலையில் விழும். அங்கே எஷலான் வேண்டாம், ஒற்றை வரிசைதான்.