ஆறு வாரம் தாண்டிய காணாக்கடி: எங்கள் அனுபவம்

அம்மாவுக்குக் காணாக்கடி வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, கடைசியில் பால். தடிப்பு மட்டும் நிற்கவில்லை. சாயங்காலமானால் பாவாடை நாடா இறுகும் இடத்தில் வரிவரியாக எழும்பும். காலையில் தடமே இருக்காது.

தோல் மருத்துவர் ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடச் சொன்னார். 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் சாதாரணக் காணாக்கடி. அதற்கு மேலும் அங்கேயே நின்று, வலித்து, கறுத்த தடம் விட்டால் ரத்தக்குழாய் அழற்சியா என்று பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு மறுநாள் பேனாக்கோடு மட்டும்தான் இருந்தது.

அப்புறம் அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்குள் சின்ன ரத்தக்குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டி மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன. உள்ளே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள், மேலே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். உணவு அலர்ஜி என்றால் உணவிலுள்ள புரதம் அந்த ஐஜிஇ-யைப் பிடித்து இழுக்கும். பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பதற்குச் சாப்பாடு காரணமாக இருப்பது அபூர்வம். பலருக்கு உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருள்தான் மாஸ்ட் செல்லைக் கிளப்பிவிடுகிறது. ஹிஸ்டமின் கொட்டியதும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து தோல் தடிக்கிறது, நரம்பு தூண்டப்பட்டு அரிக்கிறது.

அதனால்தான் ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போடச் சொன்னார். இப்போது அம்மா எல்லாம் சாப்பிடுகிறார். பாவம், அத்தனை நாள் பத்தியச் சாப்பாடு.

பதில்:
எனக்கு மாத்திரையை நான்கு மடங்கு வரை கூட்டியும் அடங்கவில்லை. பிறகு ஒமாலிசுமாப் ஊசி, நான்கு வாரத்துக்கு ஒன்று. ரத்தத்தில் உலவும் ஐஜிஇ-யை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. முதலில் ஆஸ்துமாவுக்கு வந்த மருந்து. 2014-இல்தான் இதற்கும் அனுமதி கிடைத்தது. விலைதான் கையைக் கடிக்கிறது, ஆனால் இரவில் தூங்குகிறேன்.

பதில்:
என் தங்கைக்கு ஐபுபுரூஃபன் போட்டாலே தடிப்பு அதிகமாகும். காய்ச்சல், தலைவலிக்கு மாத்திரை வாங்கும்போது காணாக்கடி இருப்பதை மருந்துக்கடையில் சொல்லிவிடுங்கள். நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு இறுகினால் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.