புத்தூர் வீடு (குடும்பக் குழு): துளசியின் விண்ணப்பம்

செல்வி சின்னம்மா: எல்லோருக்கும் வணக்கம். துளசியின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்ப வேண்டும். பேராதனை விஞ்ஞான பீடத்துக்குப் போய்ப் புவிச்சரிதவியல் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். உங்கள் அபிப்பிராயத்தை அறியத் தாருங்கள்.

மாலா மாமி: கல்லைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

ரவி மாமா (கனடா): கணினியைப் போடச் சொல்லுங்கள்.

சிவம் பெரியப்பா: மாலா கேட்டது நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். அணைக்கட்டோ சுரங்கப்பாதையோ அமைக்கும் முன், கீழேயுள்ள பாறை அந்தப் பாரத்தைத் தாங்குமா, அதன் வெடிப்புகளால் நீர் ஓடிவிடுமா என்று துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்ப்பது பொறியியல் புவிச்சரிதவியல். சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992இல் வலது கரையின் சுண்ணப் பாறை வழியே வெளியேறத் தொடங்கிய நீரை, பின்னர் களிமண் கொட்டியும் முற்றாக நிறுத்த முடியவில்லை.

துளசி: 2014இல் மண்சரிவு நடந்த மலையகத்து மீரியபெத்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரியப்பா.

ரவி மாமா (கனடா): யாழ்ப்பாணத்தில் மலையே இல்லையே.

சிவம் பெரியப்பா: மலை இல்லை, வற்றாத ஆறும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன். மாரி மழை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, உவர்நீரின் மேல் வில்லை போலத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். நம்மூர் நிலாவரைக் கிணற்றிலேயே மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருக்கின்றன. வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வெடிப்புகளால் இறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு; மிஞ்சினால் பால்குடிக் குழந்தைகளுக்கு ஆபத்து. சுற்றாடல் புவிச்சரிதவியல் படிப்பவர்கள் ஆராய்வது இதைத்தான். நமது பங்குக் கிணற்றடியில் ஒருவர் குழி வெட்டிய காலத்தில், இதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கவில்லை.

ரவி மாமா (கனடா): வெட்டியவன் நான்தான். இடத்தைக் காட்டியவர் யார் என்பதையும் அண்ணை எழுதட்டும்.

மாலா மாமி: அந்தத் தண்ணீரில்தானே இன்றைக்கும் தேநீர் போடுகிறோம்!

செல்வி சின்னம்மா: தயவுசெய்து விண்ணப்பத்துக்கு வாருங்கள்.

துளசி: மொறட்டுவைப் பொறியியல் பீடத்தில் புவிவளப் பொறியியல் துறை இருக்கிறது. அனுமதிக்கான வெட்டுப்புள்ளியை நம்பி அதை முதலாவதாகவும் பேராதனையை இரண்டாவதாகவும் போடலாமா என்று யோசிக்கிறேன்.

மாலா மாமி: பெண்பிள்ளை காடு மேடெல்லாம் கள ஆய்வுக்கு எப்படிப் போவாள்?

சிவம் பெரியப்பா: கூடப் படிக்கும் பிள்ளைகளோடு பேருந்தில் போவாள்.

செல்வி சின்னம்மா: முதல் தெரிவை இவளுடைய அப்பா வந்ததும் கேட்டு எழுதுகிறேன். பேராதனை எப்படியும் பட்டியலில் இருக்கும்.

ரவி மாமா (கனடா): கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். பாதிச் செலவை நான் அனுப்புகிறேன்.

சிவம் பெரியப்பா: மீதிப் பாதி யாருடையது?