காட்டில் நடத்தும் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (கல்லூரி ஆசிரியை, மார்த்தாண்டம்):

வனவியலையும் மலைநடை, இயற்கை உலா போன்ற வெளிப்புறப் பொழுதுபோக்கையும் இணைத்து, பாதி வகுப்புகள் களத்திலேயே நடக்கும் ஒரு தாளை 24 மாணவர்களுக்கு நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. சென்ற ஆண்டு காளிகேசத்திற்கு அழைத்துச் சென்றபோது ஆற்றில் குளித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்களே தவிர, ஒரு மரத்தின் சுற்றளவை எடுக்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. பயணத்தைப் பாடமாக மாற்றுவது எப்படி? இந்த இரண்டு துறைகளையும் ஒன்றாகக் கற்பிக்க முடியுமா?

பதில் (ஓய்வு பெற்ற வனவர், குலசேகரம்):

அம்மா, உங்கள் மாணவர்களில் பலர் ரப்பர் தோட்டம் உள்ள வீடுகளிலிருந்து வருபவர்களாக இருப்பார்கள். ஒட்டுக்கன்றாக நட்ட மரம், ஒட்டுப்பகுதியிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்த பிறகே பால்வெட்டுக்கு ஆகும் என்பது அவர்கள் வீட்டுத் திண்ணையில் கேட்ட செய்தி. அங்கிருந்தே தொடங்குங்கள். காட்டு மரத்தைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்கிறோம், சரிவில் நிற்கும் மரத்திற்கு மேட்டுப் பக்கத்திலிருந்து அந்த உயரத்தைக் கணக்கிடுகிறோம் என்று சொன்னால், அளவு ஏன் ஒரே முறையில் எடுக்கப்பட வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது; உள்ளே படிப்புக்காகச் செல்வதற்கும் முறையான அனுமதி வேண்டும் என்பதால் விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அதுவரை உதயகிரிக் கோட்டையின் மரங்களும் தேரூர்க் குளமும் போதும். சுசீந்திரம், தேரூர் ஈரநிலங்கள் 2022 முதல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் இருக்கின்றன.

பதில் (களப்பயிற்சி ஆசிரியர், நாகர்கோவில்):

இரண்டையும் பிரிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மக்கள் நடக்கும் பாதையில்தான் இரண்டும் சந்திக்கின்றன. ஒரே ஒரு பாதையைத் தேர்ந்து, அதில் பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் பாதையின் அகலத்தையும் அதில் தேய்ந்துள்ள பள்ளத்தின் ஆழத்தையும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின்பும் அளக்கச் சொல்லுங்கள். பிறகு இருபுறமும் திறந்த ஒரு குழாய்த் துண்டை மண்ணில் அழுத்தி, ஒரு லிட்டர் நீர் இறங்க எடுக்கும் நேரத்தைப் பாதையின் நடுவிலும், பத்தடி தள்ளி மரநிழலிலும் பதிவு செய்யட்டும். மிதிபட்டு இறுகிய மண்ணில் நீர் இறங்காமல் தேங்குவதைக் கண்ணால் பார்த்த மாணவனுக்கு, பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனால் மழைநீர் குறுக்கே வழியாமல் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும் என்ற விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பத்துப் பாதைகளுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே பாதைக்குப் பலமுறை போவது மேல். மதிப்பெண்ணைக் களக்குறிப்பேட்டுக்கே கொடுங்கள். அன்றே, அங்கேயே எழுதியதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் தயவு செய்து சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் ஆற்றில் திடீரென நீர் ஏறும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக்குச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை எந்த ஆசிரியரும் மறக்கக் கூடாது. உலர்ந்த புல்சரிவுகளைக் கோடையில் தவிர்த்துவிடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்யுங்கள்.

பதில் (முன்னாள் மாணவி, திருவட்டாறு):

எங்கள் வகுப்பில் இந்த மலைகளில் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்தார்கள், ஆனால் சுமை தூக்கவும் வழி காட்டவும் மட்டுமே பயன்படுத்தினார்கள் என்பது இன்றும் எனக்கு வருத்தம். அவர் ஈற்றை என்னும் நாணல் மூங்கில் வளரும் காட்டைப் பற்றிப் பேசிய ஒரு மணி நேரம்தான் எனக்கு நினைவில் நின்ற வகுப்பு. அவருக்கு ஆசிரியருக்குரிய மதிப்பூதியமும் வகுப்பெடுக்கும் நேரமும் கொடுங்கள், அம்மா. மாணவியருக்குக் கழிப்பிட வசதியை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. பேச்சிப்பாறை அருகே ஒரு பாதையைத் தேர்ந்து, ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிக்கிறேன். மே மாத இறுதியில் முதல் அளவை எடுத்துவிட்டு, பள்ளத்தின் ஆழங்களை இங்கே பதிவிடுகிறேன்.