பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் ஆட்சியின் நன்மைகளாக மக்கள் எவற்றைக் கருதுகிறார்கள்?

மூன்றாமாண்டு மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். அரசியல் அறிவியல் பயில்கிறேன். பருவக் கட்டுரைக்காக 2010 முதல் 2024 வரை பிரிட்டனை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சியைப் பற்றிப் படித்துவருகிறேன். ஒரு முரண் என்னைக் குழப்புகிறது. 2024 தேர்தலையொட்டி வெளிவந்த கட்டுரைகளைப் படித்தால், அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மக்கள் பாராட்டும்படி ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதே மக்கள்தான் 2010, 2015, 2017, 2019 ஆகிய நான்கு தேர்தல்களிலும் அக்கட்சியை முதலிடத்தில் வைத்தார்கள். 2019இல் 365 இடங்களைக் கொடுத்தவர்கள், ஐந்தாண்டு முழுதாக முடிவதற்குள் 121 இடங்களோடு நிறுத்திவிட்டார்கள்.

அங்கு வாழ்பவர்களிடம் கேட்கிறேன்: மக்கள் அந்த ஆட்சியின் நன்மைகளாக எவற்றை எண்ணினார்கள்? அந்த எண்ணம் எங்கே போயிற்று? எந்தக் கட்சி நல்லது என்ற விவாதம் எனக்குத் தேவையில்லை; மக்களின் மனத்தில் இருந்ததே தேவை.

கிராய்டன் பெரியவர்:

தம்பி, நான் இந்நாட்டுக்கு வந்தது 1980களின் இறுதியில். ஓய்வு பெறும்வரை சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தேன். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அரசியல் பேசியவர்களில், கன்சர்வேட்டிவ் கட்சியை நேசிக்கிறேன் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் தேர்தல் நாளில் அவர்களில் பலர் அந்தக் கட்சிக்குத்தான் வாக்களித்தார்கள். அவர்கள் அக்கட்சியைக் கடுமையான, சற்றுக் கருமித்தனமான ஒரு கணக்குப்பிள்ளையாகப் பார்த்தார்கள். பிடிக்காவிட்டாலும் பெட்டிச் சாவி அவரிடம் இருந்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை. மக்கள் மனத்தில் இருந்த முதல் நன்மை இதுதான். மற்ற நன்மைகளெல்லாம் இதன் மேல் கட்டப்பட்டவை.

ஆகவே கணக்குப்பிள்ளையின் கை ஒருமுறை தடுமாறினால் மற்ற எதுவும் எடுபடாது. 1992 செப்டம்பர் 16ஆம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதும் கன்சர்வேட்டிவ் ஆட்சிதான், பிரதமர் ஜான் மேஜர். நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று பிணைத்த ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டுக்குள் பவுண்டின் மதிப்பைக் காப்பாற்றுவதற்காகக் காலையில் வட்டி விகிதத்தைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினார்கள். பிற்பகலில் பதினைந்தாக உயரும் என்றார்கள். அன்றிரவே அந்த ஏற்பாட்டைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு பொருளாதாரம் நன்றாகவே தேறியது. 1997இல் வளர்ச்சி இருந்தது, வேலையின்மை குறைந்துகொண்டிருந்தது. இருந்தும் அவ்வாண்டுத் தேர்தலில் மேஜரின் கட்சிக்குக் கிடைத்தவை 165 இடங்களே.

2022 செப்டம்பர் 23ஆம் தேதி அதே கதை வேறு வடிவில் நடந்தது. பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங், ஈடுகட்ட வழி சொல்லாமல் ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார். அரசுக் கடன்பத்திரங்களின் விலை சரிந்தது. ஓய்வூதிய நிதிகள் ஆட்டங்கண்டன. ஐந்தே நாளில் நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டியதாயிற்று. என் மகளின் வீட்டுக்கடனுக்கு நிலைவட்டிக் காலம் அந்த நவம்பரில் முடியவிருந்தது. அவள் எங்கள் சமையலறை மேசையில் அமர்ந்து, பழைய மின்கட்டண உறை ஒன்றின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள். மாதம் 900 பவுண்டை ஒட்டியிருந்த தவணை 1,400ஐத் தாண்டியது. மருமகன் அந்த உறையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியைத் தவிர வேறெதற்கும் வாக்களிக்காத மனிதர் அவர். 2024இல் அவர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை.

நீலத் துண்டறிக்கை:

பெரியவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால், பெட்டிச் சாவியைத் தவிர வேறு நன்மையே இல்லை என்ற தோற்றம் அதில் வருகிறது. சர்ரேயில் இருபது ஆண்டுகளாக அக்கட்சிக்காக வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தவன் என்ற முறையில் சிலவற்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என் சார்பு என்னவென்பதை மறைக்கவில்லை.

2010இல் ஏறத்தாழ 8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2019இல் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆண்டுக்கு 6,475 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால் வருமான வரி என்றிருந்ததை 12,570 வரை உயர்த்தினார்கள். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2016 ஏப்ரலில் மணிக்கு 7.20 பவுண்டு எனத் தொடங்கிவைத்த தேசிய வாழ்வூதியம் என்ற உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் 2024 ஏப்ரலில் 11.44 ஆயிற்று. தொடக்கப் பள்ளிகளில் ஒலிவழி வாசிப்புப் பயிற்சியை வலியுறுத்தியதன் பலனாக, 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு ஆய்வில் இங்கிலாந்தின் சிறுவர்கள் நான்காம் இடத்தில் நின்றார்கள். ஒருபாலினத்தவர் திருமணச் சட்டத்தை 2013இல் கொண்டுவந்தது பிரதமர் டேவிட் கேமரனின் அரசுதான். அந்த மசோதாவின் முக்கிய வாக்கெடுப்பில் அவருடைய சொந்தக் கட்சி எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம் என்பது வேறு கதை.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெருந்தொற்றுக் காலத்தின் ஃபர்லோ திட்டம். வேலைக்குப் போக முடியாதவர்களின் ஊதியத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே தந்தது. 1.17 கோடி வேலைகள் அதன் துணையோடு காப்பாற்றப்பட்டன.

2024 ஜூனில் ஓர் உணவக உரிமையாளரின் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒன்பது பணியாளர்களை ஃபர்லோ காப்பாற்றியது, அது இல்லாவிட்டால் கடையை மூடியிருப்பேன் என்று அவராகவே சொன்னார். அப்படியானால் எங்களுக்கு வாக்களிப்பீர்களா என்று கேட்டேன். என் அம்மாவின் இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர்தான் வர முடிந்தது என்றார். விதிமீறி நடந்த ஒரு கூடுகைக்காகப் பிரதமர் ஜான்சனுக்கே காவல்துறை அபராதம் விதித்ததை அவர் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. துண்டறிக்கையை மட்டும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் பழமொழி. ஆனால் அரசு இடும் உப்பு தம் வரிப்பணம் என்று மக்கள் நினைக்கிறார்கள், அதையும் தவறென்று சொல்வதற்கில்லை.

வடகிழக்குத் தாதி:

நான் டரம் மாவட்டத்தில் மருத்துவமனைத் தாதியாகப் பணிபுரிகிறேன். மேலே உள்ள பட்டியலில் ஒரு திருத்தம் வேண்டும். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1998இல் போட்டிக் கட்சியான தொழிற்கட்சி கொண்டுவந்தது. அன்று கன்சர்வேட்டிவ் கட்சி அதை எதிர்த்து வாக்களித்தது. பின்னாளில் உயர்த்தியது பாராட்டுக்குரியதுதான், ஆனால் விதை யாருடையது என்பதை மறந்துவிடக் கூடாது. வரிவிலக்கு வரம்பையும் 2021க்குப் பிறகு உயர்த்தாமல் நிறுத்திவைத்தார்கள். விலைவாசி ஏற ஏற, உயர்ந்த ஊதியத்தில் ஒரு பங்கை வரி திரும்ப எடுத்துக்கொண்டது.

மாணவ நண்பரே, எங்கள் பகுதியைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பிஷப் ஆக்லாந்து தொகுதி 1885இல் உருவானது. 2019 வரை ஒருமுறைகூட கன்சர்வேட்டிவ் கட்சியைத் தேர்ந்தெடுத்ததில்லை. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மண் இது. கன்சர்வேட்டிவ் அரசோடு மோதிய 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின் நினைவு இன்னமும் ஆறவில்லை. அந்தத் தொகுதி 2019 டிசம்பரில் மாறியது. அன்றிரவு என்னோடு பணியிலிருந்த நோயாளி தூக்குநர் ஒருவர், சுரங்கத் தொழிலாளியின் மகன், வாக்களித்துவிட்டு நேரே பணிக்கு வந்திருந்தார். தேநீர் நேரத்தில், தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதை எங்களிடம் தணிந்த குரலில் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் பிரெக்ஸிட்டை முடித்துவைப்பார்கள், எங்கள் ஊர்ப்பக்கமும் கொஞ்சம் பணம் வரும் என்பவை மட்டுமே அவர் எதிர்பார்த்த நன்மைகள். முதலாவது 2020 ஜனவரி 31 அன்று நடந்தது. இரண்டாவதற்காக அவர் காத்திருந்தார். 2024இல் தொகுதி மீண்டும் தொழிற்கட்சியிடம் போய்விட்டது.

இடையில் நாங்கள் கண்டது என்ன? இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2010இல் ஏறத்தாழ 25 லட்சம். பெருந்தொற்றுக்கு முன்பே அது 45 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2024இல் 75 லட்சத்துக்கும் மேல். எல்லாப் பழியையும் கொரோனாமீது போட முடியாது என்பதற்காகவே நடுவிலுள்ள எண்ணையும் சொல்கிறேன். பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வின்படி, தேசிய சுகாதாரச் சேவையில் திருப்தி உள்ளவர்கள் 2010இல் 70 சதவீதம், 2023இல் 24 சதவீதம். 2022 டிசம்பரில் எங்கள் தாதியர் சங்கம் அதன் நூறாண்டு கடந்த வரலாற்றில் கண்டிராத அளவில் வேலைநிறுத்தம் செய்தபோது, நானும் குளிரில் நின்றேன். கடந்துபோன கார்களில் பெரும்பாலானவை ஆதரவாக ஒலியெழுப்பிச் சென்றன. அவற்றை ஓட்டிச் சென்றவர்களில் பலர் 2019இல் கன்சர்வேட்டிவ் நீலத்துக்கு வாக்களித்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எண்கணக்கன்:

ஒரு முறையியல் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். இடங்களின் எண்ணிக்கையை மக்கள் கருத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015இல் கேமரன் 37 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு 330 இடங்களையும் தனிப் பெரும்பான்மையையும் பெற்றார். 2017இல் அவருக்குப் பின் பிரதமரான தெரசா மே 42 சதவீதத்துக்கு மேல் பெற்றும் 317 இடங்களோடு பெரும்பான்மையை இழந்தார். 2024இல் தொழிற்கட்சி 33.7 சதவீதத்தைக் கொண்டே 411 இடங்களை அள்ளியது. அத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி 43.6 சதவீதத்திலிருந்து 23.7 சதவீதத்துக்கு விழுந்தது உண்மைதான். ஆனால் அப்படி விலகியவர்களெல்லாம் இடதுசாரிப் பக்கம் போய்விடவில்லை. 14.3 சதவீதம் பெற்ற வலதுசாரி ரிஃபார்ம் கட்சியின் வாக்குகளில் பெரும்பகுதி அங்கிருந்து போனதுதான். ஆட்சி மிகையாகச் செய்தது என்று கோபித்தவர்களும் போதுமானதைச் செய்யவில்லை என்று கோபித்தவர்களும் ஒரே நாளில் கைவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே பொதுமக்கள் கருத்து, அறையின் வெப்பத்தைச் சரிசெய்யும் கருவிபோல இயங்குகிறது. வரியைக் கூட்டிச் சேவைகளுக்குச் செலவிட வேண்டும் என்றவர்கள் 2010 வாக்கில் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். சிக்கன நடவடிக்கை பல ஆண்டுகள் நீடித்தபின், 2017இல் அவர்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். தொழிற்கட்சி ஆண்ட 2000களில் இது எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆகவே, செலவைக் கட்டுப்படுத்துவது 2010இல் நன்மையாகத் தெரிந்தது, 2017இல் குறையாகத் தெரிந்தது. கொள்கை அதேதான்.

மூன்றாமாண்டு மாணவன்:

மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. டிரஸ்ஸுக்குப் பின் பிரதமரான ரிஷி சுனக் பணவீக்கத்தைப் பாதியாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் உறுதியளித்து, அது குறைந்தும் காட்டியது. கணக்குப்பிள்ளையின் பெயர் ஏன் மீளவில்லை?

கிராய்டன் பெரியவர்:

பணவீக்கம் குறைந்தால் விலை குறையாது தம்பி. விலை ஏறும் வேகம்தான் குறையும். 2022 அக்டோபரில் 11.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம், 2024 ஏப்ரலில் 2.3 ஆனது. அந்த எண் வெளியான மே 22ஆம் தேதி மாலையிலேயே சுனக் கொட்டும் மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்தார். ஆனால் கடைக்குப் போன என் மனைவி, வெண்ணெயின் விலை பழைய இடத்துக்குத் திரும்பியதா என்றுதான் பார்த்தாள். திரும்பவில்லை. சுனக்கின் சாதனையை நான் விளக்க முயன்றபோது, அந்தப் பற்றுச்சீட்டை என்னிடம் நீட்டினாள்.

கட்டுரையில் ஒன்றைச் சேர்த்துக்கொள். கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சிக்குச் சொந்தமான கவுன்சில் வீடுகளில் வாடகைக்கிருந்தவர்கள் 33 முதல் 50 சதவீதம் வரை விலைத்தள்ளுபடியோடு அவற்றைத் தமதாக்கிக்கொள்ள வழிசெய்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அவர் காலத்திலேயே விற்கப்பட்டன. அவரை வெறுத்தவர்களும் அந்தச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். என் தெருவிலேயே அப்படி மூன்று குடும்பங்கள் உண்டு. அரசியல்வாதி கொடுத்த நன்மை கையில் பிடித்துப் பார்க்கும்படி இருந்தது அப்போதுதான் என்பேன். விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை போதுமான அளவில் கட்டப்படவில்லை. அந்த மூன்று குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டியும் வாடகை அறைகளில் இருக்கிறார்கள். ஒருவர் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களிக்கும் வாய்ப்பு தொழிற்கட்சிக்கு வாக்களிக்கும் வாய்ப்பைவிட மிகும் வயது, யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் 39, 2024இல் 63. எங்கள் தெருவில் அந்த 63ஐத் தாண்டியவர்களின் வீட்டுப் பத்திரங்கள் அவரவர் பெயரில் இருக்கின்றன.