மறு: ஜெனரல் ஏவியேஷன்: ‘பொது’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘ஜெனரல் ஏவியேஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்ற பேச்சில் ஒரு நண்பர் எழுதியது:

> ‘பொது வான்போக்குவரத்து’ என்றே வைத்துவிடலாம். நேரான சொல்.

நேரான சொல்தான். ஆனால் படிப்பவரை எதிர்த்திசையில் கொண்டுபோய் விடும். ‘பொது’ என்றதும் நமக்குப் பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம்தான் நினைவுக்கு வரும். டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம்போல என்று நினைத்துக்கொள்வார்கள். டிக்கெட் விற்கும் விமானங்களையும் ராணுவ விமானங்களையும் கழித்துவிட்டு மிஞ்சுவதற்கு அல்லவா இந்தப் பெயர்? பயிற்சி விமானம், சொந்த விமானம், முதலாளியின் ஜெட் எல்லாம் இதில் அடங்கும்.

இவ்வகை விமானங்கள் வந்துபோகும் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா விமான நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். அது நகராட்சியின் சொத்து. நகராட்சிச் சந்தை மாதிரி: இடம் ஊருடையது, சரக்கு அவரவருடையது. ‘பொது வான்போக்குவரத்துக்கான நகராட்சி நிலையம்’ என்று எழுதினால் பஸ் ஸ்டாண்ட் ஆகிவிடும்.

‘சிறுவிமானப் போக்குவரத்து’ என்ற யோசனையும் அங்கேயே அடிபடுகிறது. 4,973 அடி ஓடுபாதையை 2017 டிசம்பரில் 3,500 அடியாகக் குறுக்கியதே ஜெட்டுகளின் வரவைக் குறைக்கத்தான். 2028 முடிந்ததும் நிலையத்தையே மூடிவிடலாம் என்று அமெரிக்க நடுவண் விமானத்துறையோடு ஒப்பந்தமும் ஆகியிருக்கிறது. ‘சிறு’ என்று போட்டால், ஜெட் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதே புரியாது.

‘தனிப்பறப்பு’ வேண்டாம். பயிற்சி பெறுபவர் ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டுவதற்கு அந்தச் சொல் தேவைப்படும்.

‘உதிரிப் பறப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சரத்தில் கோக்காத உதிரிப்பூ மாதிரி, கால அட்டவணையில் சேராத பறப்பு. வீட்டில் சொன்னேன். “உதிர்ற விமானத்துல யாருங்க ஏறுவா?” என்றாள் மனைவி. கைவிட்டேன்.

என் முன்மொழிவு: தன்பயன் பறப்பு, அதாவது காசுக்கு ஆள் ஏற்றாமல் தன் தேவைக்குப் பறப்பது. பயிற்சிப் பள்ளி காசு வாங்குகிறதே என்பீர்கள். வாங்கட்டும், மாணவர் பறப்பது தான் கற்றுக்கொள்ளத்தானே? கொஞ்சம் இழுத்துக் கட்டிய விளக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வோம்.

இன்னொன்று. ‘டை-டவுன்’ என்பதற்குப் பட்டியலில் ‘வானூர்திப் பிணைப்பிடம்’ என்று இருக்கிறது. எதற்கு இவ்வளவு நீளம்? கொட்டகை கிடைக்காதவர்கள் விமானத்தை வெட்டவெளியில்தான் நிறுத்துகிறார்கள். இரண்டு இறக்கைக்கு அடியிலும் வாலடியிலும் ஒவ்வொரு வளையம் இருக்கும். அதில் கயிற்றை மாட்டித் தரையில் பதித்த கொக்கியோடு இறுக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் பலத்த காற்றடிக்கும்போது ஆளில்லாமலே கிளம்பப் பார்க்கும், இறக்கை ஆயிற்றே! மாட்டையும் யானையையும் கட்டிவைக்க நம்மிடம் கட்டுத்தறி என்று ஒரு சொல் உண்டு. அதையே வைத்தால் என்ன? மாதக் கட்டணம் ‘தறிவாடகை’ ஆகிவிடும்.

கம்பன் வீட்டுக் கட்டுத்தறி நெசவுத்தறிதான் என்று வாதிடுபவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்கவும்.